யாழ்ப்பாணத்தில இருந்து கொழும்புக்குக் குடும்பமா மாறுறம், வாடகை வீடு எப்பிடித் தேடுறது?

கோண்டாவில் மருமகள்:

வணக்கம் எல்லாருக்கும். கொஞ்சம் நீளமா எழுதப் போறன், பொறுமையா வாசியுங்கோ, ஏனெண்டால் கொழும்பில போய்க் கேக்கிறதுக்கு எங்களுக்கு நெருங்கின சொந்தம் எண்டு இப்ப ஒருத்தரும் இல்லை, இருந்தவை எல்லாம் கனடா, லண்டன் எண்டு போயிட்டினம்.

இவர் அரச திணைக்களம் ஒண்டில வேலை. ஆறு மாசத்துக்கு முதல் நாரஹேன்பிட்டிக்கு இடமாற்றம் வந்தது. தான் மட்டும் போய் அறை எடுத்து நிண்டு கிழமை முடிய வந்து போறன் எண்டார், அப்பிடித்தான் இவ்வளவு நாளும் போகுது, வெள்ளி இரவு அங்க பஸ் ஏறி சனி விடிய இஞ்ச வந்து ஞாயிறு பொழுதுபடத் திரும்ப வெளிக்கிடுறது, வீட்டில நிக்கிற ஒண்டரை நாளில அரைவாசி நித்திரை. சின்னவன் கலண்டரில கோடு போட்டு நாள் எண்ணுறான். அதைப் பாத்துக்கொண்டு இருக்க ஏலாமல்தான் எல்லாரும் ஒண்டாப் போவம் எண்டு முடிவெடுத்தது.

நாங்கள் அஞ்சு பேர். நாங்கள் ரெண்டு பேர், மகள் அஞ்சாம் வகுப்பு, இந்த வருசம் புலமைப்பரிசில் எழுதுறா, மகனுக்கு நாலரை வயசு, அடுத்த வருசம் முதலாம் வகுப்பில சேர்க்கவேணும், பிறகு மாமி. மாமிக்கு 72 வயசு, ரெண்டு முழங்காலும் வருத்தம், படி ஏறமாட்டா. அவவுக்குச் சிங்களம் ஒரு சொல்லும் தெரியாது.

எங்களுக்கு வாடகை வீட்டுப் பழக்கமே இல்லை. கலியாணம் கட்டின நாள் தொடக்கம் மாமியின்ர வீட்டிலதான், நாலு பரப்பு வளவு, கிணறு, முத்தத்தில செவ்வரத்தை, நந்தியாவட்டை, பின்னுக்கு ரெண்டு முருங்கை. மாமி விடிய எழும்பிப் பூப் புடுங்கிச் சாமிக்கு வைச்சிட்டுத்தான் தேத்தண்ணி குடிப்பா. பிளட்டில உவவை எப்பிடி வைச்சிருக்கப் போறன் எண்டுதான் எனக்குப் பெரிய யோசினை. வரமாட்டன் எண்டு அவ சொல்லேல்லை. "பிள்ளையள் இல்லாமல் நான் உந்த வளவை வைச்சு என்ன செய்யிறது" எண்டு மட்டும் ஒருக்காச் சொன்னா.

வாடகைக்கு மாசம் 80 ஆயிரம் வரைக்கும் ஒதுக்கலாம், அதுக்கு மேல போனால் கஸ்டம். ரெண்டு அறை காணும், மூண்டு எண்டால் நல்லம். எந்தப் பக்கம் பாக்கிறது, அட்வான்ஸ் எவ்வளவு கேப்பினம், பிளட் நல்லதோ அனெக்ஸ் (வீட்டுக்காரரின்ர வீட்டோட ஒட்டின தனிப் பகுதி) நல்லதோ, புரோக்கரைப் பிடிக்கிறதோ வேண்டாமோ, இதெல்லாம் அனுபவப்பட்ட ஆக்கள் சொல்லுங்கோ.

இன்னொண்டு, இது அவசரம். நேற்று நெற்றில ஒரு விளம்பரம் பாத்தம், வெள்ளவத்தையில கடல் தெரியுற மூண்டு அறை பிளட், 65 ஆயிரம்தானாம், படங்களும் சரியான வடிவு. வீட்டுக்காரர் வெளிநாட்டில நிக்கிறாராம், ஒரு மாசக் காசைப் பாங்கில போட்டால் திறப்பைக் கூரியரில அனுப்பி விடுவாராம், கேட்டுக் கனபேர் நிக்கினமாம், நாளைக்குள்ள சொல்லட்டாம். இவர் போடுவம் எண்டுறார். எனக்கு மனம் ஒத்துவரேல்லை.

சுன்னாகத்தான்:

தங்கச்சி, போடாதேங்கோ. ஒரு சதமும் போடாதேங்கோ. மிச்சத்தைப் பிறகு கதைப்பம்.

மூண்டு வருசத்துக்கு முதல் நானும் உதே மாதிரித்தான், யாழ்ப்பாணத்தில இருந்துகொண்டு படத்தைப் பாத்து 50 ஆயிரம் போட்டனான். குடும்பத்தை வானில ஏத்திக்கொண்டு சாமானோட போய் இறங்கினால் கட்டடம் இருக்கு, படத்தில இருந்த அதே பிளட்டும் இருக்கு, உள்ள வேற குடும்பம் அஞ்சு வருசமாக் குடியிருக்குது. வாசலில நிண்ட செக்கியூரிட்டி ஐயா என்ர முகத்தைப் பாத்திட்டு "தம்பி, உங்களை மாதிரி வேற ஆக்களும் வந்து தேடினவை" எண்டார். மனிசி ரோட்டுக்கரையில பிள்ளையைத் தோளில போட்டுக்கொண்டு நிண்டது இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது. அண்டு இரவு லொட்ஜில படுத்து, பிறகு ரெண்டு கிழமை நண்பன் ஒருத்தன்ர வீட்டில நிண்டு, நடந்து தேடித்தான் எடுத்தனாங்கள்.

கடல் தெரியுற மூண்டு அறை 65 ஆயிரத்துக்கு வெள்ளவத்தையில வராது. அவசரப்படுத்துறது, வெளிநாட்டில நிக்கிறன் எண்டுறது, பாக்க முதல் காசு கேக்கிறது, இந்த மூண்டும் ஒண்டா வந்தால் போனை வையுங்கோ. உண்மையா வெளிநாட்டில நிக்கிற வீட்டுக்காரர் கனபேர் இருக்கினம், ஆனால் அவைக்கு இஞ்ச ஒரு தம்பியோ சித்தப்பாவோ திறப்போட இருப்பினம், வந்து திறந்து காட்டுவினம்.

வெள்ளவத்தை 14 வருசம்:

சுன்னாகத்தான் சொன்னதுதான் முதல் பாடம். நேரில கால் வைச்சுப் பாக்காத வீட்டுக்குக் காசு குடுக்கிறேல்லை.

இப்ப இடத்துக்கு வருவம். உங்களுக்கு மூண்டு விசயம் இருக்கு, அவற்ற ஒபிஸ், பிள்ளையளின்ர பள்ளிக்கூடம், மாமி. இந்த மூண்டையும் வைச்சுப் பாத்தால் நான் வெள்ளவத்தை, பாமன்கடை, கிருலப்பனைக்கு இங்கால பக்கம், இதைவிட்டு வெளியால போகமாட்டன். வெள்ளவத்தையில இருந்து நாரஹேன்பிட்டிக்கு 141 பஸ் நேர ஓடுது, ஒரு பஸ்தான், மாறத் தேவையில்லை. கொட்டாஞ்சேனையில வாடகை கொஞ்சம் குறைவு, சனமும் எங்கட சனம், கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலும் கிட்ட, ஆனால் அவர் ஒவ்வொரு நாளும் நகரத்தைக் குறுக்க வெட்டிப் போய் வரவேணும், ஆறு மாசம் பஸ்சில இருந்த மனுசனைத் திரும்பவும் பஸ்சில இருத்துறதெண்டால் குடும்பமா வந்ததில பிரயோசனம் இல்லை.

வெள்ளவத்தையில மாமி தமிழிலயே சீவிக்கலாம். பார்மசி, மரக்கறிக் கடை, சந்தை, டொக்டர், எல்லாம் தமிழ். விடியக் காலமை யாழ்ப்பாணத்து பஸ்சில முருங்கைக்காய், ஒடியல் மா, காலத்துக்குக் கறுத்தக்கொழும்பான் மாம்பழம் எல்லாம் வந்து இறங்குது. மயூரபதி அம்மன் கோயில் இருக்கு, பம்பலப்பிட்டிக்குப் போனால் கதிரேசன் கோயில் இருக்கு, ஆடிவேல் ரதம் செட்டியார் தெருவில இருந்து அங்கதான் வாறது. 57ஆம் ஒழுங்கையில தமிழ்ச் சங்கம், அங்க நூலகம் இருக்கு, மகளுக்கு உதவும்.

ஆனால் வெள்ளவத்தை எண்டால் எல்லா ஒழுங்கையும் ஒண்டில்லை. காலி வீதிக்குக் கடற்பக்கம் ஒண்டு, உள்பக்கம் ஒண்டு. கடற்பக்கம் மரைன் டிரைவ் கிட்ட காத்து நல்லா வரும், பின்னேரம் பிள்ளையளைக் கூட்டிக்கொண்டு நடக்கலாம், அதேநேரம் ரயில் ஓடுற சத்தம், உப்புக் காத்து. உப்புக் காத்தைச் சும்மா நினைக்காதேங்கோ, எங்கட பிரிஜ்ஜின்ர பின்பக்கம் ரெண்டு வருசத்தில கறள் பிடிச்சு உதிர்ந்தது, யன்னல் கிறில், காஸ் அடுப்பு, தையல் மெசின், ஒண்டையும் விடாது. உள்பக்கம் ஹம்டன் லேன், டபிள்யூ. ஏ. சில்வா மாவத்தைப் பக்கம் எண்டால் அந்தக் கரைச்சல் குறைவு, ஆனால் வாய்க்காலுக்குக் கிட்டப் போகப் போக நுளம்பு, பெருமழைக்குத் தண்ணி நிக்கிற ஒழுங்கையளும் இருக்கு. வைகாசி, ஆனியிலயும் பிறகு ஐப்பசி, கார்த்திகையிலயும் கொழும்பில மழை அடிச்சு ஊத்தும். ஏலுமெண்டால் மழை பெய்த அடுத்த நாள் வீடு பாக்கப் போங்கோ. சுவரில அடியில ஒரு முழத்துக்கு நிறம் மாறி இருந்தால், புதுப் பெயின்ற் அடியில மட்டும் அடிச்சிருந்தால், பக்கத்துக் கடைக்காரரிட்ட விசாரியுங்கோ.

வாடகையைப் பற்றி. 80 ஆயிரத்துக்கு ரெண்டு அறை பழைய கட்டடத்தில கிடைக்கும், லிப்ட் இராது. லிப்ட், ஜெனரேட்டர், பார்க்கிங் எல்லாம் உள்ள புதுக் கட்டடம் எண்டால் போன மாசம் என்ர மச்சாளுக்குக் கேட்டது எல்லாமே ஒரு லட்சத்துக்கு மேலதான். மாமி இருக்கிறபடியால் உங்களுக்கு ரெண்டு வழிதான், ஒண்டு லிப்ட் உள்ள பிளட், இல்லாட்டில் கீழ் வீடு. கீழ் வீடோ அனெக்ஸோ கிடைச்சால் முத்தம் மாதிரி ஒரு சின்னத் துண்டு நிலமும் வரும், ரெண்டு பூச்சாடி வைக்கலாம். நான் உங்கட இடத்தில எண்டால் அதைத்தான் தேடுவன்.

அனெக்ஸில ஒண்டைக் கட்டாயம் பாருங்கோ, மின்சார மீற்றர் தனியோ எண்டு. எங்கட நாட்டில கரண்ட் பில் யூனிட் கூடக் கூட ஒரு யூனிட்டின்ர விலையும் ஏறுற முறை. வீட்டுக்காரரும் நீங்களும் ஒரே மீற்றர் எண்டால் ரெண்டு குடும்பத்தின்ர யூனிட்டும் சேர்ந்து மேல் கட்டணத்துக்குப் போய் நிக்கும், சப் மீற்றர் பூட்டி இருக்கு எண்டுவினம், ஆனால் எந்த விலைக்குப் பெருக்கிறது எண்டதில மாசா மாசம் மனக்கசப்பு. நான் அப்பிடி ஒரு இடத்தில ஒண்டரை வருசம் இருந்தனான், நல்ல மனுசர் அவை, இருந்தும் கடைசியில முகம் பாக்காமல்தான் வெளிக்கிட்டனாங்கள்.

பிளட் எண்டால் மெயின்ரனன்ஸ் காசு வாடகைக்குள்ளயோ வெளியாலயோ, தண்ணிக்குக் கீழ் டாங்கி எவ்வளவு, தண்ணிச் சபை திருத்த வேலைக்கு எண்டு வெட்டுற நாளில மேல தண்ணி ஏறுமோ, கரண்ட் போனால் ஜெனரேட்டர் லிப்டுக்கும் ஓடுமோ, எல்லாம் கேளுங்கோ. வீட்டுக்காரரிட்ட மட்டும் கேக்காமல் கீழ இறங்கி வரேக்க செக்கியூரிட்டியிட்டயும் கேளுங்கோ, லிப்ட் மாசத்தில எத்தினை நாள் நிக்கிறது எண்டு அவருக்குத்தான் தெரியும்.

புரோக்கர் பிடிக்கலாம், தப்பில்லை, பாதி மாச வாடகையோ ஒரு மாச வாடகையோ கேப்பினம், வீடு சரிவந்து எழுத்து முடிஞ்ச பிறகுதான் குடுக்கிறது. ஞாயிற்றுக்கிழமை வீரகேசரி, தினக்குரல் வரி விளம்பரமும் பாருங்கோ. எனக்கு இப்ப இருக்கிற வீடு கிடைச்சது பலசரக்குக் கடைக்காரர் சொல்லித்தான். ரெண்டு நாள் ஒழுங்கை ஒழுங்கையா நடந்து கடைகளில கேளுங்கோ, போர்ட் போடாத நல்ல வீடுகள் கனக்க இருக்கு.

கொக்குவில் ஓய்வூதியர்:

பிள்ளை, மேல தம்பியவை வீட்டைப் பற்றி வடிவாச் சொல்லிப்போட்டினம். நான் கடதாசியைப் பற்றிச் சொல்லுறன். 31 வருசம் கந்தோரில இருந்தவன் எண்டபடியால் மட்டும் இல்லை, வேற காரணமும் இருக்கு.

2007இல நான் கொழும்பில வேலை. வெள்ளவத்தையில ஒரு லொட்ஜில அறை. சண்டைக் காலம், ஜூன் 7ஆம் திகதி விடியப்புறம் பொலிஸ் வந்து பக்கத்து லொட்ஜுகளில இருந்த எங்கட சனத்தை எழுப்பி, தங்கி நிக்கிறதுக்குத் தகுந்த காரணம் இல்லை எண்டு பஸ்சில ஏத்தினவை. அண்டைக்குக் கொழும்பில இருந்து அனுப்பப்பட்டது 376 பேர், கனபேரை வவுனியாவுக்குத்தான் கொண்டு போனது. அடுத்த நாள் உயர் நீதிமன்றம் தடை போட்டது. எனக்கு ஒண்டும் நடக்கேல்லை, ஆனால் அண்டு முழுக்க நான் கட்டிலில இருந்துகொண்டு ஒரே விசயத்தைத்தான் யோசிச்சனான், இந்த ஊரில நான் இருக்கிறன் எண்டு காட்ட என்னட்ட ஒரு துண்டுக் கடதாசி இல்லையே எண்டு. மாசக் காசு குடுக்கிறன், துண்டு வாங்கினதில்லை. இப்ப காலம் மாறிட்டுது, அந்தப் பயம் இப்ப உங்களுக்குத் தேவையில்லை. எண்டாலும் அண்டைக்குப் பிறகு என்ர பெயர் எழுத்தில இல்லாத வீட்டில நான் படுக்கேல்லை.

சட்டமும் அதைத்தான் சொல்லுது. 1840ஆம் ஆண்டு 7ஆம் இலக்க மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டம், இன்னும் நடைமுறையில இருக்கு, ஒரு மாசத்துக்கு மேற்பட்ட குத்தகை எண்டால் நொத்தாரிசு முன்னால, ரெண்டு சாட்சியோட எழுதி ஒப்பம் வைக்கவேணும். "எங்களுக்குள்ள என்ன எழுத்து, நீங்களும் யாழ்ப்பாணம் நாங்களும் யாழ்ப்பாணம்" எண்டு சொல்லுற வீட்டுக்காரர் வருவினம். நல்ல மனசோடதான் சொல்லுவினம். நீங்களும் மரியாதையா, "ஓம் அண்ணை, எண்டாலும் எழுதுவம்" எண்டு சொல்லி எழுதுங்கோ.

எழுத்தில பாக்கவேண்டியது: கொழும்பில ஆறு மாச அட்வான்ஸ், ஒரு வருச அட்வான்ஸ் எண்டு கேப்பினம். அந்தச் சொல்லுக்கு ரெண்டு கருத்து இருக்கு. ஒண்டு, முன்கூட்டிக் குடுக்கிற வாடகை, மாசா மாசம் அதில கழிஞ்சுகொண்டு போகும். மற்றது, வீட்டுக்காரரிட்டக் கிடக்கிற வைப்புக் காசு, வெளிக்கிடேக்க திருப்பித் தாறது. நீங்கள் முதலாவது எண்டு நினைச்சுக் குடுப்பியள், அவர் ரெண்டாவது எண்டு நினைச்சு வாங்குவார், சண்டை அங்கதான் தொடங்குறது. எது எண்டு எழுதுங்கோ, எத்தினை நாளில திருப்பித் தாறது எண்டும் எழுதுங்கோ, பெயின்ற் அடிக்கிற செலவு ஆரின்ர எண்டும் எழுதுங்கோ. வீட்டில உள்ள மின்விசிறி, அலுமாரி, ஹீற்றர் எல்லாத்தையும் பட்டியல் போட்டு, குடிபோற அண்டைக்கே சுவர் வெடிப்பு, உடைஞ்ச டைல் எல்லாத்தையும் போனில படம் எடுத்து அவருக்கே அனுப்பி வையுங்கோ.

எழும்பச் சொல்ல எத்தினை மாச அவகாசம் எண்டதும் முக்கியம். வெளிநாட்டு வீட்டுக்காரர் எண்டால் இன்னும் முக்கியம். ஆடி, ஆவணியில நல்லூர்த் திருவிழாவுக்கு எண்டு குடும்பமா வருவினம், வாற வழியில கொழும்பில நிக்கத் தங்கட பிளட் வேணும் எண்டுவினம். எனக்குத் தெரிஞ்ச ஒரு குடும்பம் மூண்டு கிழமை அவகாசத்தில பிள்ளையளோட வெளிக்கிட்டது.

கடைசியா, வாக்காளர் இடாப்பு. விதானையாரிட்ட (கிராம சேவகரிட்ட) உங்கட பெயரைப் பதிய வீட்டுக்காரர் விடமாட்டினம் சிலபேர், பதிஞ்சால் வீடு கையை விட்டுப் போயிடும் எண்டு ஒரு பயம். அட்வான்ஸ் குடுக்க முதல் இதைக் கதையுங்கோ, குடுத்த பிறகு கதைச்சுப் பிரயோசனம் இல்லை.

கோண்டாவில் மருமகள்:

எல்லாருக்கும் கோடி நன்றி. 65 ஆயிரம்காரருக்கு இவர் போன் எடுத்து, எங்கட ஆள் ஒருத்தர் வந்து பாக்கட்டோ எண்டு கேட்டவர். போனை வைச்சிட்டார், பிறகு நம்பர் வேலை செய்யேல்லை. சுன்னாகத்தான் அண்ணை, நீங்கள் அண்டைக்கே எழுதாட்டில் காசு போயிருக்கும்.

ஓய்வூதியர் ஐயா, வாக்காளர் இடாப்பு ஏன் அவ்வளவு முக்கியம்? எங்களுக்கு இஞ்ச கோண்டாவில்ல பெயர் இருக்குத்தானே, வோட்டுக்கு வந்து போகலாம் எண்டுதான் நினைச்சம்.

பம்பலப்பிட்டி அம்மா:

அக்கா, அது வோட்டுக்கு மட்டும் இல்லை, சின்னவன்ர பள்ளிக்கூடத்துக்கு. நான் போன வருசம் இந்த அலைச்சல் முழுக்க அலைஞ்சனான், அதால சொல்லுறன்.

அரச பள்ளிக்கூடத்தில முதலாம் வகுப்புக்கு எடுக்கிற இடங்களில பாதி, கிட்ட வசிக்கிற ஆக்களின்ர பிள்ளையளுக்கு. கிட்ட இருக்கிறம் எண்டு வாயால சொன்னால் காணாது, வாக்காளர் இடாப்பில பின்னால அஞ்சு வருசம் பாப்பினம், வீட்டு உறுதியோ பதிஞ்ச குத்தகை எழுத்தோ கேப்பினம், கரண்ட் பில், தண்ணி பில் மாதிரிக் கடதாசியளும் கொண்டு போகவேணும். அதுக்கு மேல உங்கட வீட்டுக்கும் நீங்கள் கேக்கிற பள்ளிக்கூடத்துக்கும் நடுவில இன்னும் கிட்டவா வேற பள்ளிக்கூடம் இருந்தால் ஒவ்வொண்டுக்கும் புள்ளி வெட்டுவினம். புதுசா வாடகைக்கு வாற ஆக்களுக்கு இந்த வழியில பெரிய பள்ளிக்கூடம் கிடைக்கிறது சரியான கஸ்டம், நான் உங்களைப் பயப்படுத்தச் சொல்லேல்லை, தெரிஞ்சு வைச்சுக்கொண்டு வாங்கோ எண்டுதான்.

ஆனால் உங்களுக்கு இன்னொரு கதவு இருக்கு. சேவைத் தேவைக்காக இடமாற்றம் வந்த அரச உத்தியோகத்தரின்ர பிள்ளையளுக்கு எண்டு 100க்கு 4 இடம் தனியா ஒதுக்கி இருக்கு. அண்ணைக்கு வந்த இடமாற்றக் கடிதம், அங்க கடமை ஏற்ற கடிதம் ரெண்டையும் இண்டைக்கே எடுத்துப் பைலில போடுங்கோ. அவர் தானாக் கேட்டு வந்ததில்லை, திணைக்களம் அனுப்பினது எண்டு தெரியவேணும். விண்ணப்பம் முதல் வருச நடுப்பகுதியிலயே கேட்டிடுவினம், தை மாசத்துக்குக் கிட்டப் போய்ப் பாப்பம் எண்டு இருந்திடாதேங்கோ. சுற்றுநிருபம் வருசா வருசம் கொஞ்சம் மாறும், புதுசை எடுத்து நீங்களே வாசியுங்கோ, ஒருத்தரும் சொல்லிக் கேக்காதேங்கோ, நான் சொல்லியும் கேக்காதேங்கோ.

தமிழ் மொழி மூலத்துக்கு ஆம்பிளைப் பிள்ளையளுக்கு இந்தப் பக்கம் பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி, றோயல், இசிபதன, டி. எஸ். சேனாநாயக்க, பொம்பிளைப் பிள்ளையளுக்கு இராமநாதன் இந்து மகளிர், வெள்ளவத்தையில சைவ மங்கையர். எதுக்கெல்லாம் விண்ணப்பம் போடுறது எண்டு முதல் முடிவெடுத்து, அந்தப் பள்ளிக்கூடங்களைச் சுத்தி வீடு தேடுங்கோ. வீட்டை எடுத்திட்டுப் பள்ளிக்கூடம் தேடினால் நானும் இவரும் பட்ட பாடுதான், விடிய ஆறு மணிக்குப் பிள்ளையை நித்திரைத் தூக்கத்தில வானில ஏத்தி, பின்னேரம் ரெண்டரைக்கு வேர்த்து விறுவிறுத்து வந்து இறங்கும்.

மகளைப் பரீட்சை முடியும் வரைக்கும் அசைக்காதேங்கோ அக்கா. அது அவவுக்கு ஆறாம் வகுப்புக்கு நல்ல பள்ளிக்கூடம் கேக்கிற வழி. அவ அங்க எழுதி முடிக்கட்டும், டிசம்பரில எல்லாரும் வாங்கோ, அவவும் சின்னவனும் ஒண்டாப் புது வருசத்தில புதுப் பள்ளிக்கூடம் தொடங்கலாம். அதுவரைக்கும் அண்ணைக்குப் பஸ்தான், எனக்கும் அது கவலைதான், ஆனால் தெரிஞ்ச முடிவு ஒண்டு இருந்தால் பொறுக்கலாம். ரயிலையும் பாக்கச் சொல்லுங்கோ. காங்கேசன்துறை இன்ரர்சிற்றி கோட்டையோட நிக்காமல் கல்கிசை வரைக்கும் போகுது, வெள்ளவத்தையிலயே இறங்கலாம், இரவு நித்திரையாவது மிஞ்சும்.

தெகிவளையான்:

எல்லாரும் வெள்ளவத்தை வெள்ளவத்தை எண்டு சொல்லுறதில எனக்கு முழு உடன்பாடு இல்லை. 80 ஆயிரத்தை நூறாக்கி அங்கதான் இருக்கவேணும் எண்டு இல்லை. பாலத்தைத் தாண்டினால் தெகிவளை, அஞ்சு நிமிசம், காலி வீதியில 100, 101 பஸ் ஓயாமல் ஓடுது. அதே காசுக்கு ஒரு அறை கூட, சில நேரம் சின்ன வளவோட கீழ் வீடு. தமிழ்க் கடையளும் இருக்கு. நான் களுபோவிலப் பக்கம் ஒரு கீழ் வீட்டில ஏழு வருசம், பின்னுக்கு ஒரு தேசி மரமும் கறிவேப்பிலையும் நிக்குது, அம்மாவுக்கு அது காணும்.

பள்ளிக்கூடத் தூரம் கூடும், அதை மறுக்கேல்லை. மாமிக்கு நிலத்தில கால் வைக்கிறது வேணுமோ, பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் கிட்ட வேணுமோ எண்டு நீங்கள்தான் யோசிக்கவேணும். ஒண்டு மட்டும், மலிவு எண்டு கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் ஆராவது காட்டினால் 2016 வைகாசி வெள்ளத்தில அந்த ஒழுங்கையில எவ்வளவு தண்ணி நிண்டது எண்டு கேக்காமல் எடுக்காதேங்கோ.

கோண்டாவில் மருமகள்:

ரெண்டு கிழமைக்குப் பிறகு வாறன், நீங்கள் எல்லாரும் இவ்வளவு எழுதினதுக்கு என்ன நடந்தது எண்டு சொல்லவேணும்.

மாமியையும் கூட்டிக்கொண்டுதான் போனனாங்கள். இவர் வேண்டாம், அலைச்சல் எண்டார், நான்தான் நிண்டு பிடிச்சனான், அங்க இருக்கப் போறது அவவும்தானே. மூண்டு நாளில 11 வீடு பாத்தம். புரோக்கர் காட்டினது அஞ்சு, பேப்பரில பாத்தது ரெண்டு, மிச்சம் நாலும் கடைக்காரர் சொன்னது. ஒரு வீடு எனக்கு நல்லாப் பிடிச்சது, புதுக் கட்டடம், ஆறாம் மாடி, லிப்ட், குசினி எல்லாம் பளபள எண்டு. மாமி பல்கனியில நிண்டு கீழ பாத்திட்டு ஒண்டும் சொல்லாமல் உள்ள வந்து இருந்திட்டா. செக்கியூரிட்டியிட்டக் கேட்டால் லிப்ட் போன மாசம் ஒன்பது நாள் நிண்டதாம். விட்டிட்டம்.

எடுத்தது பாமன்கடைப் பக்கம் ஒரு பழைய வீட்டின்ர கீழ்ப் பகுதி. ரெண்டு அறை, ஒரு சின்ன சாமி அறை, முன்னுக்கு ஒரு பத்தடி மண் நிலம், மூலையில செவ்வரத்தை ஒண்டு நிக்குது. மாமி அதைக் கண்டவுடன கிட்டப் போய் இலையைத் திருப்பிப் பாத்து "மாப்பூச்சி பிடிச்சுக் கிடக்கு, சாம்பல் தூவினால் சரி வரும்" எண்டா. அப்பவே எனக்கு விளங்கிட்டுது. வாடகை 85 ஆயிரம், அஞ்சு கூடத்தான், மாசச் செலவில வேற எதையாவது குறைப்பம். மீற்றர் தனி. மழை பெய்த அடுத்த நாள் திரும்பவும் போய்ப் பாத்தம், ஒழுங்கை முனையில கொஞ்சம் தண்ணி, வீட்டடியில இல்லை, எதிர்க் கடைக்காரரும் உள்ளுக்க வந்ததில்லை எண்டார்.

வீட்டுக்கார அம்மா மேல இருக்கிறா, மகன் அவுஸ்திரேலியா. எழுத்து எண்டவுடன கொஞ்சம் முகம் மாறினா. ஓய்வூதியர் ஐயா சொன்ன மாதிரியே இவர் ஆறுதலா, "அம்மா, உங்களுக்கும் பாதுகாப்பு எங்களுக்கும் பாதுகாப்பு" எண்டு கதைச்சு, நொத்தாரிசு செலவு நாங்கள் குடுக்கிறம் எண்ட பிறகு ஓம் எண்டா. ஆறு மாச அட்வான்ஸ், அதில மூண்டு மாசம் வாடகையில கழியும், மூண்டு மாசம் வைப்பு, ரெண்டும் தனித்தனியா எழுதி இருக்கு. எழும்பச் சொல்ல மூண்டு மாச அவகாசம். விதானையாரிட்டப் பதியவும் சம்மதம், அதுக்கு அவவின்ர மகனோட போனில ஒரு மணித்தியாலம் கதைக்க வேண்டி வந்தது. சின்னவன்ர விண்ணப்பத்துக்கு இடமாற்றக் கடிதங்கள் எல்லாம் பைலில போட்டாச்சு. மகளின்ர பரீட்சை முடிஞ்சு டிசம்பரில குடிபோறம்.

இன்னும் ஒரேயொரு கேள்வி. மாமி தன்ர அம்மியையும் குழவியையும் கொண்டு வரத்தான் வேணும் எண்டு நிக்கிறா, அவவின்ர அம்மா சீதனமாக் குடுத்ததாம். லொறிக்காரர் பாரம் எண்டு தனிக் காசு கேக்கிறார். கீழ் வீடு எண்டபடியால் அரைக்கிற சத்தம் ஆருக்கும் கரைச்சலா இராதுதானே?

வெள்ளவத்தை 14 வருசம்:

கீழ் வீடு, சீமெந்து நிலம், ஒரு கரைச்சலும் இல்லை, கொண்டு வாங்கோ. அம்மியைத் தூக்கி இறக்க லொறியில ஒரு ஆள் போதாது, ரெண்டு பேரா வரச் சொல்லுங்கோ. லொறி விடியக் காலமை ஆறு மணிக்கு முதல் ஒழுங்கைக்குள்ள வந்து நிண்டால் நல்லம், ஏழு மணி தாண்டினால் பள்ளிக்கூட வானுகளுக்கு நடுவில மாட்டுப்படும்.

சுன்னாகத்தான்:

தங்கச்சி, திகதியைப் போடுங்கோ. நான் கிருலப்பனையிலதான், ஞாயிற்றுக்கிழமை எண்டால் நானும் மகனும் இறக்க வாறம்.